கப்பலா, ஃபெர்ரியா, பாய்மரப் படகா? மும்பையிலிருந்து தீவு பார்க்கக் கிளம்பும் குடும்பத்துக்கு

மும்பையில் இருந்துகொண்டு தீவு தீவாகக் கடலில் சுற்றி வர ஆசைப்படும் குடும்பத்துக்கு நடைமுறையில் நான்கு வழிகள் இருக்கின்றன. பல்லார்ட் பியரில் ஏறி மும்பைக்கே திரும்பும் பெரிய சொகுசுக் கப்பல் ஒன்று. கொச்சியிலிருந்து கிளம்பும் லட்சத்தீவுக் கப்பல் இரண்டாவது. மூன்றாவது, அந்தமானில் தீவுக்குத் தீவு ஓடும் ஃபெர்ரி. நான்காவது தாய்லாந்தில் புக்கெட், கிராபி பக்கம் ஃபெர்ரியோ வாடகைப் பாய்மரப் படகோ. மாலத்தீவையும் சேர்த்திருக்கலாம். ஆனால் அங்கே போகிறவர்களில் பெரும்பாலோர் ஒரே ரிசார்ட்டில் இறங்கி, அங்கேயே கிடந்துவிட்டுத் திரும்புகிறார்கள். அதனால் விட்டுவிட்டேன்.

இணையத்தில் தேடினால் நான்குக்கும் ஏறக்குறைய ஒரே படம்தான் வரும்: பச்சையும் நீலமும் கலந்த தண்ணீர், வெள்ளை மணல், கடலை நோக்கிச் சாய்ந்த தென்னை. அழகை வைத்துத் தேர்ந்தெடுக்கவே முடியாது. நான் பார்ப்பது வேறு மூன்று விஷயங்கள். இரவில் எங்கே படுக்கப் போகிறீர்கள், படகிலிருந்து கரைக்கு எப்படி இறங்குவீர்கள், எந்த மாதம் போகிறீர்கள். இவற்றில் இரண்டாவதை யாரும் கேட்பதே இல்லை. எழுபது தாண்டிய அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு அதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

எங்கள் கூட்டம் அப்படிப்பட்டதுதான். செம்பூரிலிருந்து நாங்கள், முலுண்டிலிருந்து அக்கா குடும்பம், திருநெல்வேலியிலிருந்து வந்து தங்கியிருக்கும் அப்பா அம்மா, இரண்டு வீட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளைகள். அத்தானுக்குக் கப்பல்தான் வேண்டும். அக்காவுக்கு பாஸ்போர்ட்டில் முத்திரை விழ வேண்டும். அம்மாவோ, “எங்க போனாலும் சரி, நாலு பேரு தமிழ் பேசுற இடமா இருந்தா போதும்” என்று சொல்லிவிட்டார்.

முதலில் அத்தானின் கப்பல். கார்டிலியா நிறுவனத்தின் ‘எம்ப்ரஸ்’ 2021 செப்டம்பரில் மும்பையிலிருந்து ஓடத் தொடங்கியது. 1990-இல் ராயல் கரீபியனுக்காக ‘நார்டிக் எம்ப்ரஸ்’ என்ற பெயரில் வந்த கப்பல். 210 மீட்டர் நீளம். நீச்சல் குளம், மேடை நிகழ்ச்சி, கேசினோ, ஜெயின் சாப்பாடு வரை எல்லாம் உள்ளே உண்டு. மும்பைக்காரருக்கு இதில் பெரிய லாபம், விமானமே தேவையில்லை என்பது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு டாக்ஸியில் போய் ஏறிவிடலாம். படுக்கை, குளியலறை, லிஃப்ட் எல்லாம் ஒரு நல்ல ஓட்டல் போல இருப்பதால் பெரியவர்களுக்குச் சிரமம் குறைவு. கப்பல் பெரிதாக இருப்பதால் ஆட்டமும் குறைவு.

சரி, தீவு எங்கே? மலிவான இரண்டு இரவுத் திட்டத்தில் கப்பல் நடுக்கடலுக்குப் போய்ச் சுற்றிவிட்டுத் திரும்பும். ஒரு தீவும் கண்ணில் படாது. கோவா திட்டத்தில் கோவா. லட்சத்தீவு வரை போகும் நீண்ட திட்டத்தில்தான் தீவு வரும். அதுவும் கப்பல் தூரத்தில் நங்கூரமிட்டு நிற்க, சின்னப் படகில் கரைக்குப் போய்ச் சில மணி நேரம் இருந்துவிட்டு வருவது. கடல் சரியில்லை என்றால் கேப்டன் அந்த இடத்தையே தவிர்த்துவிடலாம். டிக்கெட் விதிமுறையில் அதற்கு இடம் உண்டு. விளம்பரத்தில் போடும் கட்டணத்தோடு துறைமுகக் கட்டணம், வரி, சேவைத் தொகை எல்லாம் தனியாக ஏறும். கப்பலில் இருப்பதே இன்பம் என்று நினைக்கிறவர்கள் தாராளமாகப் போகலாம். அத்தான் அந்த ரகம். தீவு பார்க்க வேண்டும் என்பவர் இதில் ஏறினால் பஃபே வரிசையைத்தான் அதிகம் பார்ப்பார்.

லட்சத்தீவு இதற்கு நேர் எதிர். 36 தீவுகள், மக்கள் வசிப்பது 10-இல். எல்லாம் சேர்ந்து 32 சதுர கிலோமீட்டர் நிலம்தான், நம் போரிவலி தேசியப் பூங்காவில் பாதிகூட வராது. தண்ணீர் என்று பார்த்தால் நான்கு இடங்களிலும் இதற்குத்தான் என் ஓட்டு. பவளப்பாறை வளையம் அலையை வெளியிலேயே நிறுத்திவிடுவதால் உள்ளே இருக்கும் காயல் கண்ணாடி மாதிரிக் கிடக்கும். நீச்சல் தெரியாதவர்கூட இடுப்பளவு தண்ணீரில் நின்று குனிந்தால் மீன் தெரியும்.

தீவு நிர்வாகத்தின் சுற்றுலாச் சங்கமான ‘ஸ்போர்ட்ஸ்’ நடத்தும் ‘சமுத்திரம்’ என்ற ஐந்து நாள் திட்டம்தான் இங்கே தீவு தீவாகப் போவதற்கு ஏற்றது. கொச்சி வெல்லிங்டன் தீவில் ஏறினால், 700 பேர் போகக்கூடிய எம்.வி. கவரத்தி கப்பல் கவரத்தி, கல்பேனி, மினிக்காய் ஆகிய மூன்றையும் காட்டிவிட்டுத் திரும்பும். இரவெல்லாம் கப்பல் ஓடும், பகலெல்லாம் நீங்கள் தீவில் இருப்பீர்கள். தூங்கி எழுந்தால் வேறொரு தீவு. சொகுசுக் கப்பலில் காசு கொட்டினாலும் கிடைக்காத அனுபவம் இது. மினிக்காய் மற்றத் தீவுகளிலிருந்து மிகவும் தெற்கே, மாலத்தீவை ஒட்டி இருக்கிறது. மற்றத் தீவுகளில் மலையாளம் என்றால் இங்கே மஹல், மாலத்தீவின் திவேஹி மொழிக்கு நெருங்கிய உறவு. 1885-இல் ஆங்கிலேயர் கட்டிய கலங்கரை விளக்கத்தில் ஏறினால் தீவின் முழு வடிவமும் தெரியும். சூரை மீனை வேகவைத்துப் புகையிட்டு உலர்த்திய மாசியின் ஊரும் இதுதான். கன்னியாகுமரி, தூத்துக்குடிக்காரர்களுக்கு மாசியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது கரைக்கு இறங்கும் கதை. பெரும்பாலும் கப்பல் பவளப்பாறை வளையத்துக்கு வெளியே நிற்கும். கப்பலின் பக்கவாட்டு வாசல் அருகே சின்னப் படகு வந்து ஒட்டும். அலை படகைத் தூக்கும்போது இரண்டும் ஒரு மட்டத்துக்கு வரும். அந்த நொடியில் காலை எடுத்து வைத்துவிட வேண்டும். அடுத்த நொடியில் படகு நாலடி கீழே போயிருக்கும். தீவுக்காரப் பையன்கள் இரண்டு பக்கமும் நின்று கையைப் பிடித்து வாங்கிக்கொள்வார்கள், அதில் அவர்கள் கைதேர்ந்தவர்கள். வாலிபர்களுக்கு இது விளையாட்டு. ஆனால் மூன்று தீவு என்றால் இறங்க மூன்று முறை, ஏற மூன்று முறை. முழங்கால் அறுவை செய்துகொண்ட அம்மாவை அந்த இடத்தில் நிறுத்திப் பார்க்க எனக்கு மனமில்லை. எங்கள் பட்டியலில் லட்சத்தீவு அடிபட்டது இந்த ஒரே காரணத்தால்தான். அகத்திக்கு விமானத்தில் போய் அங்கேயே தங்கலாமே என்றால், அது ஒரு தீவோடு நின்றுவிடுகிறது.

வேறு சிக்கல்களும் உண்டு. இந்தியர்களுக்கே அனுமதிச் சீட்டு வேண்டும். திட்டத்தில் பதிவு செய்தால் அதையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள், ஆனால் நேரம் எடுக்கும். 2024 ஜனவரியில் பிரதமர் போய்வந்த பிறகு கேட்பவர்கள் கூட்டம் கூடிவிட்டது. இந்தக் கப்பல்கள் முதலில் தீவு மக்களுக்கானவை, நமக்கு மிச்சம்தான். அதனால் தேதி மாறினால் கோபப்பட்டுப் பயனில்லை. பங்காரம் தவிர மற்றத் தீவுகளில் மது கிடையாது என்பது அத்தானுக்கான தகவல். கொச்சிக்கு விமானத்தில் இரண்டு மணி நேரம். அவசரமில்லாதவர்கள் குர்லா டெர்மினஸில் நேத்ராவதியில் ஏறி கொங்கணைப் பார்த்துக்கொண்டே எர்ணாகுளத்தில் இறங்கலாம்.

அந்தமான் வேறு கணக்கு. இங்கே இரவில் நிலத்தில்தான் படுப்பீர்கள். கடலில் இருப்பது ஒரு நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம். போர்ட் பிளேர், ஹேவ்லாக், நீல் என்ற முக்கோணம்தான் எல்லோரும் போவது. அரசு பெயர்களை மாற்றியிருக்கிறது: 2018 டிசம்பரில் ஹேவ்லாக் ஸ்வராஜ் தீவாகவும் நீல் ஷகீத் தீவாகவும் ஆயின, 2024-இல் போர்ட் பிளேர் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. டிக்கெட்டில் புதுப்பெயர் இருந்தால் வேறு ஊருக்குப் போட்டுவிட்டோமோ என்று பதற வேண்டாம்.

தனியார் ஃபெர்ரிகள் வேகமானவை, ஏசி உண்டு, இருக்கை எண் உண்டு. ஒரு வழிக்குச் சுமார் ஆயிரத்து சொச்சத்திலிருந்து கட்டணம் ஆரம்பம். அரசு ஃபெர்ரி மெதுவாகப் போகும், விலை மலிவு, டிக்கெட் கிடைப்பதுதான் பாடு. தனியார் ஃபெர்ரிகளில் பெரும்பாலும் அடைத்த கண்ணாடிக் கூண்டுக்குள்தான் உட்கார வேண்டும். சிலவற்றில்தான் மேல்தளத்துக்கு விடுவார்கள். காற்றுப் பட்டால்தான் வயிறு நிற்கும் என்பவர்கள் பதிவு செய்யும்போதே இதைக் கேட்டுவிடுங்கள். முக்கியமான விஷயம், மூன்று ஊரிலும் ஜெட்டி, அதாவது படகுத்துறை, இருக்கிறது. பலகைப் பாலம் போடுவார்கள், நடந்தே இறங்கலாம். உள்ளே கழிப்பறை இருக்கிறது. அம்மாவின் பட்டியலில் இரண்டாவது கேள்வி அதுதான்.

முதல் கேள்விக்கும் அந்தமானில்தான் பதில் இருந்தது. 2011 கணக்கெடுப்பின்படி அங்கே தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் ஏறத்தாழ 15 சதவீதம். ஏழு பேரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். கடையில், ஆட்டோவில், ஜெட்டியில் தமிழ் காதில் விழும். போர்ட் பிளேரில் வெற்றிமலை முருகன் கோயில் இருக்கிறது. இட்லி கிடைக்குமா என்ற கவலையே வேண்டாம். சென்னையிலிருந்து கப்பலும் உண்டு, சுமார் 1,200 கிலோமீட்டர், இரண்டரை மூன்று நாள். அதில் போய்வந்த பழைய தலைமுறைக்காரர்கள் கதை கதையாகச் சொல்வார்கள். கேட்கச் சுவையாக இருக்கும், அப்பா அம்மாவை ஏற்றுவதற்கில்லை. மும்பையிலிருந்து பெரும்பாலும் சென்னை, கொல்கத்தா அல்லது பெங்களூரு வழியாக விமானம் மாறித்தான் போக வேண்டியிருக்கும். சென்னை வழியாகப் போட்டால் திரும்பும்போது ஊரில் இறங்குகிறவர்கள் இறங்கிக்கொள்ளலாம், இது எங்களுக்கு வசதியாகவே அமைந்தது.

அங்கே சூரியன் சீக்கிரம் மறைந்துவிடும். நம் கடிகாரப்படி டிசம்பர் மாதத்தில் ஐந்து மணிக்கே இருட்டு. அதனால் காலை ஃபெர்ரியைப் பிடிப்பவர்களுக்குத்தான் நாள் முழுதாகக் கிடைக்கும். ஹேவ்லாக்கின் ராதாநகர் கடற்கரை மாலைக்கு ஏற்றது. நீல் தீவின் இயற்கைப் பாறைப் பாலத்தைக் கடல் உள்வாங்கும் நேரத்தில்தான் பார்க்க முடியும், அந்த நேரம் தினமும் மாறும், தங்கும் விடுதியில் கேட்டால் சொல்வார்கள். சில கடற்கரைகளில் முதலை எச்சரிக்கைப் பலகை வைத்திருப்பார்கள். அது அலங்காரத்துக்கு அல்ல. பவளத் துண்டு, கிளிஞ்சல் எதையும் பிள்ளைகள் பையில் போட்டுக்கொண்டு வர விடாதீர்கள், விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள். பாராட்டாங் குகைக்குப் போகும் சாலை ஜாரவா பழங்குடி மக்களின் காட்டு வழியாகப் போகிறது. அவர்களை வேடிக்கை பார்க்கத்தான் பாதிப் பேர் வண்டியில் ஏறுகிறார்கள் என்பதால் அதை எங்கள் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டேன். அதற்குப் பதிலாக நீல் தீவில் ஒரு நாள் சும்மா இருக்கலாம்.

அக்காவின் தாய்லாந்துக்கு நியாயமான காரணம் ஒன்று இருக்கிறது. நான்கில் இங்கேதான் சொந்தமாக ஒரு படகை எடுத்து, நினைத்த குடாவில் நங்கூரம் போட்டு, அங்கேயே இரவு தூங்க முடியும். புக்கெட்டில் ஓட்டுநரோடு இரட்டை உடல் பாய்மரப் படகு வாடகைக்குக் கிடைக்கிறது. எட்டு பத்துப் பேர் சேர்ந்தால் தலைக்கு வரும் தொகை முதலில் கேட்டபோது இருந்த அளவுக்குப் பயமுறுத்தாது. எரிபொருளும் சாப்பாடும் அதில் சேர்த்தியா என்று கேட்டுவிட்டு அப்புறம் கணக்குப் போடுங்கள். புக்கெட்டுக்கு கிழக்கே இருக்கும் பாங் நா வளைகுடாவில் செங்குத்தான சுண்ணாம்புக் குன்றுகள் கடலிலிருந்து எழுந்து நிற்கும். மேற்கிலிருந்து வரும் அலையைப் புக்கெட் தீவே மறைத்துக்கொள்வதால், தென்மேற்குப் பருவக்காற்றிலும் அந்த வளைகுடா ஓரளவு அமைதியாக இருக்கும். இந்தியத் தீவுகளில் குடும்பமாக இப்படி ஒரு படகு எடுத்துத் தங்குவது எளிதில் கிடைக்கிற ஏற்பாடு இல்லை.

படகெல்லாம் வேண்டாம், ஃபெர்ரி போதும் என்றாலும் வழி உண்டு. புக்கெட் ரசாடா துறையிலிருந்து ஃபீ ஃபீ தீவுக்குச் சுமார் இரண்டு மணி நேரம், அங்கிருந்து கிராபி அல்லது லந்தா. ஸ்பீடு போட் பாதி நேரத்தில் போய்விடும். ஆனால் அலைமேல் தொப் தொப்பென்று விழுந்துகொண்டே போகும். முதுகு வலிக்காரர்களும் கர்ப்பிணிகளும் ஏறவே கூடாது. நீண்ட தண்டில் மோட்டார் பொருத்திய ‘நீள வால்’ மரப் படகுகளில் போனால், ஜெட்டி இல்லாத இடங்களில் முழங்கால் தண்ணீரில் குதித்து நடக்க வேண்டும், கழிப்பறை கிடையாது. புகழ்பெற்ற மாயா குடா 2018 ஜூனில் மூடப்பட்டு 2022 ஜனவரியில்தான் திறந்தது. இப்போதும் உள்ளே நீந்த விடுவதில்லை, ஒவ்வோர் ஆண்டும் இரண்டு மாதம் மூடிவைக்கிறார்கள். சிமிலான் தீவுகள் மே நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை மூடியிருக்கும். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: காய்கறிப் பொரியலிலும் மீன் சாறு ஊற்றுவார்கள். ‘ஜே’ என்று சொல்லுங்கள். மஞ்சள் கொடி கட்டிய கடைகளில் மீன், முட்டை எதுவும் சேர்க்காத சாப்பாடு கிடைக்கும். விசா விதி அடிக்கடி மாறுகிறது, கிளம்பும் மாதத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாதத்துக்கு வருவோம், பாதிப் பயணங்கள் கெடுவது இங்கேதான். மும்பைப் பள்ளிகளின் தீபாவளி விடுமுறை அக்டோபர், நவம்பரில் வரும். அப்போது வங்கக் கடல் புயல் காலத்தில் இருக்கும், அந்தமானுக்கும் வடகிழக்குப் பருவமழை உண்டு. 2016 டிசம்பர் முதல் வாரத்தில், பின்னால் வர்தா புயலாக மாறிய காற்றழுத்தம் அந்தமானைப் பிடித்துக்கொண்டபோது ஹேவ்லாக்கிலும் நீலிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் மாட்டிக்கொண்டார்கள்; ஃபெர்ரி ஓடவில்லை, கடற்படைக் கப்பல்கள் போய்த்தான் அழைத்து வந்தன. அரபிக் கடல் எப்போதும் பத்திரம் என்றும் சொல்ல முடியாது. 2017-இல் ஒக்கி குமரி மாவட்டத்தைப் புரட்டிப்போட்ட கையோடு லட்சத்தீவுக்குத்தான் போனது. ஆனாலும் தீபாவளிக்கு என்றால் மும்பைக் கப்பலோ லட்சத்தீவோதான் என் தேர்வு. ஜனவரி முதல் மார்ச் வரை நான்கு இடங்களுமே நன்றாக இருக்கும், பிள்ளைகளுக்கு லீவு கிடைக்காது என்பதுதான் குறை. ஏப்ரல் கடைசி, மே முதல் வாரம் மும்பைக் குடும்பங்களுக்கு ஒரு நல்ல இடைவெளி. பள்ளி மூடியிருக்கும், அந்தமானில் பருவமழை வழக்கமாக மே 20-ஐ ஒட்டித்தான் இறங்கும். வெயில் கடுமை, கடல் தட்டையாக இருக்கும். எங்களுக்கு நான் வைத்திருக்கும் தேதி அதுதான்.

யாருக்குக் கடல் ஒத்துக்கொள்ளும், யாருக்கு வாந்தி வரும் என்பதை ஐம்பதாயிரம் ரூபாய் செலவழித்துக் கண்டுபிடிக்க வேண்டாம். கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து எலிஃபண்டா குகைத் தீவுக்கு ஒரு மணி நேரப் படகு போதும். திங்கட்கிழமை குகை மூடியிருக்கும், ஜூனிலிருந்து மழைக்காலம் முடியும்வரை படகு நம்பிக்கையில்லை. காலையில் கடல் அடங்கி இருக்கும். பிற்பகலில் கடற்காற்று எழுந்து படகு ஆடத் தொடங்கும், திரும்பும் வழியில்தான் உண்மை தெரியும். மாண்ட்வாவுக்கு வண்டிகளையும் ஏற்றிப் போகும் ரோ-ரோ ஃபெர்ரி பெரியது, அதில் ஆட்டமே தெரியாது, சோதனைக்கு உதவாது. லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு உட்காருங்கள். 2024 டிசம்பர் 18 அன்று கடற்படையின் வேகப்படகு கட்டுப்பாடிழந்து மோதியதில் எலிஃபண்டா போன பயணிகள் படகு கவிழ்ந்து பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தத் தண்ணீர் நாம் தினமும் பார்க்கிற, கேட்வேக்கு எதிரே இருக்கிற தண்ணீர்தான்.

எந்தப் படகானாலும் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் ஆட்டம் குறைவு. ஃபோனைப் பார்க்காமல் தூரத்து அடிவானத்தைப் பார்க்க வேண்டும். வாந்தியைத் தடுக்கும் அவோமின் மாத்திரை போடுகிறவர்கள் ஏறுவதற்கு முன்னாலேயே போட வேண்டும். குமட்டல் வந்தபின் போட்டால் அவ்வளவு பயனில்லை. தூக்கம் வரும். கண்ணில் நீரழுத்தம், புராஸ்டேட் தொந்தரவு உள்ள பெரியவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது.

ஆக, எங்கள் கூட்டத்துக்கு அந்தமான். அத்தானை அவருடைய நண்பர்களோடு இரண்டு இரவுக் கப்பலில் அனுப்பி வைக்கலாம், பெரியவர்கள் இல்லாமல் நாங்கள் மட்டும் போகும் ஆண்டில் லட்சத்தீவு. பிள்ளைகள் நன்றாக நீந்தக் கற்றுக்கொண்டபின் அக்காவின் பாய்மரப் படகு.

அந்தமானுக்குப் பதிவு செய்யும்போது வரிசை முக்கியம். விமானத்தை முதலில் போடுங்கள். இறங்கும் நாளன்றே ஹேவ்லாக் ஃபெர்ரியைக் கோக்காதீர்கள். தனியார் ஃபெர்ரி டிக்கெட் அடுத்து, விடுதி கடைசியில், ஏனென்றால் விடுதியை மாற்றலாம், நிரம்பிய ஃபெர்ரியை மாற்ற முடியாது. திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவு கட்டாயம் போர்ட் பிளேரில் இருக்க வேண்டும். செல்லுலார் சிறையையும் ராஸ் தீவையும் அந்தக் கடைசி நாளுக்கே வைத்துக்கொண்டால், ஃபெர்ரி ஒரு நாள் தள்ளிப்போனாலும் அவைதான் கைநழுவும், விமானம் கைநழுவாது. எல்லோருடைய ஆதார் அசலும் ஒரே ஆளின் பையில் இருக்கட்டும்; ஜெட்டியில் ஒவ்வொரு முறையும் கேட்பார்கள்.